இணைப்பும் பிரிவும்: தென் ஜொகூர்த் தமிழரின் தாயகப் பயணமும் வானூர்தி நிறுவனங்களும்

ஜொகூர் மாநிலத்தின் மாவட்டங்களுள் பரப்பளவில் மிகப் பெரியது கோத்தா திங்கி. ஜொகூர் ஆற்றங்கரையில் அமைந்த பழைய அரச நகரம் அது. பின்னர் ரப்பரும் செம்பனையும் பரவிய தோட்டப்புறமாயிற்று. அம்மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் இல்லை. ஆயினும் அங்கு வாழும் தமிழருக்குத் தாயகம் செல்ல இரண்டு வாயில்கள் உண்டு. மேற்கே 1974 இல் திறக்கப்பெற்ற செனாய் விமான நிலையம்; தெற்கே ஜொகூர் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூரின் விமான நிலையம், அதாவது முன்பு பாயா லேபார், 1981 முதல் சாங்கி. ஒரே ஊரிலிருந்து புறப்படும் பயணி, இரு நாடுகளின் வானூர்தி நிறுவனங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக்கூடிய நிலை இத்தீபகற்பத்தில் வேறு பல வட்டாரங்களுக்குக் கிட்டாத ஒன்றாகும்.

இவ்விரு வாயில்களிலிருந்தும் பறந்த நிறுவனங்கள் கடந்த எண்பது ஆண்டுகளில் பலமுறை இணைந்தன, பிரிந்தன, மீண்டும் இணைய முயன்றன. நிறுவன இணைப்பு குறித்து எழுதுவோர் பெரும்பாலும் பங்கு மதிப்பையும் பயணக் கட்டணத்தையும் அளந்து பார்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். உணவுத் தட்டில் என்ன வந்தது, முழங்காலுக்கும் முன்னிருக்கைக்கும் இடையே எவ்வளவு இடம் எஞ்சியது, பணியாளர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பன சிறு செய்திகளாக ஒதுக்கப்படுகின்றன. வாழ்நாளில் இரண்டு மூன்று முறை மட்டுமே ஊருக்குச் செல்லும் ஒரு தோட்டப் பாட்டாளிக்கு அவை சிறு செய்திகள் அல்ல. பல ஆண்டுச் சேமிப்பில் அவர் விலைகொடுத்து வாங்கிய பொருளே அந்த நான்கு மணி நேரந்தான். ஆதலின் அந்த நான்கு மணி நேரத்தை நிறுவன இணைப்புகள் எவ்வாறு மாற்றின என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

இணைப்பு, பிரிவு என்னும் சொற்கள் தோட்டத் தமிழருக்குப் புதியனவல்ல என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். 1950களிலும் 1960களிலும் ஐரோப்பியத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது 'துண்டாடல்' என்ற சொல் அவர்தம் வாழ்வில் அச்சம் தரும் சொல்லாக நுழைந்தது. துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியதும் அதன் எதிர்வினையே. பின்னர் 2007 இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் ஆகிய மூன்று பெரும் தோட்ட நிறுவனங்கள் ஒன்றாயின. மேலே கைகள் மாறும்போது கீழே என்ன நிகழும் என்ற வினா இம்மக்களுக்குப் பழகிய வினா.

கப்பலில் தொடங்கிய கதை

மலாய் மொழியில் வானூர்தியைக் 'காப்பால் தெர்பாங்', அதாவது பறக்கும் கப்பல், என்பர். அதிலுள்ள 'காப்பால்' நம் 'கப்பல்' என்பதே. வரலாற்று முறையிலும் இப்பெயர் பொருத்தமானது. ஏனெனில் மலாயாவின் தொடக்ககால வானூர்தி நிறுவனங்களுள் ஒன்றைத் தொடங்கியவர்களுள் கப்பல் முதலாளிகள் இருந்தனர்.

வானூர்திக்கு முன் தமிழகத்தையும் மலாயாவையும் இணைத்தது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம். 1856 இல் கல்கத்தா–பர்மா கப்பல் நிறுவனமாகத் தோன்றி, 1862 இல் பெயர் மாறி, 1914 இல் பி அண்ட் ஓ நிறுவனத்தோடு இணைந்தது. அக்காலக் கப்பல் உலகின் மாபெரும் இணைப்புகளுள் ஒன்று அது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் வந்த பயணிக்கு அந்த இணைப்பால் என்ன மாறிற்று? கப்பலின் பெயரும் புகைபோக்கியின் வண்ணமும்கூட மாறவில்லை. இணைப்புக்குப் பின் 1926 இல் கிளாஸ்கோவில் கட்டப்பெற்ற 'ரஜுலா' ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. மேல்தளப் பயணிக்கு அறை இல்லை. அவர் பாய் விரித்த இடமே அவருடைய இருக்கையும் படுக்கையும். முதல் வகுப்பில் பயணம் செய்தோர் சிலரே.

ஒரே நிறுவனம் ஒரு வழித்தடத்தைத் தன்வசம் வைத்திருக்கும்போது அதன் உரிமையாளர் யார் என்பது மேல்தளத்தில் படுத்திருப்பவருக்குப் பெரிய வேறுபாட்டைத் தருவதில்லை. இணைப்புக்கு முன்னும் அவருக்கு மாற்று இல்லை; பின்னும் இல்லை. இக்கருத்தை நாம் அளவுகோலாகக் கொள்ளலாம். ரஜுலா 1973 வரை இவ்வழியில் ஓடியது. அதன்பின் வந்த 'எம். வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பற்றியதோடு இப்பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிவுற்றது. அதன் பிறகு வானூர்தி ஒன்றே வழி.

ஒன்றாயிருந்த நிறுவனம் இரண்டானபோது

மலாயன் ஏர்வேஸ் 1937 இல் பதிவு பெற்றது. லிவர்பூலின் ஓஷன் நீராவிக் கப்பல் நிறுவனம், சிங்கப்பூரின் ஸ்ட்ரெய்ட்ஸ் நீராவிக் கப்பல் நிறுவனம், இம்பீரியல் ஏர்வேஸ் ஆகிய மூன்றும் அதன் பங்காளிகள். போர் குறுக்கிட்டதால் 1947 இல்தான் பயணிகள் சேவை தொடங்கிற்று. சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய நகரங்களை ஒரு சிறு விமானம் இணைத்தது. 1963 இல் மலேசியன் ஏர்வேஸ் எனப் பெயர் மாறி, 1965 இல் போர்னியோ ஏர்வேசைத் தன்னுள் இணைத்துக்கொண்டது. சிங்கப்பூர் தனிநாடான பின், இரு அரசுகளும் பெரும்பங்கை வாங்கியதையொட்டி, அது மலேசியா–சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆயிற்று.

இரு அரசுகளின் நோக்கங்கள் ஒன்றாக இல்லை. உள்நாட்டு ஊர்களையும் சபா, சரவாக் மாநிலங்களையும் இணைக்க வேண்டிய கடப்பாடு மலேசியாவுக்கு இருந்தது. உள்நாட்டு வானமே இல்லாத சிங்கப்பூருக்கு அனைத்துலக வழித்தடங்களே உயிர்நாடி. 1972 அக்டோபரில் நிறுவனம் பிரிந்தது. போயிங் விமானங்கள், அனைத்துலக வழித்தடங்கள், தலைமையகம் ஆகியவை சிங்கப்பூர் ஏர்லைன்சுக்குச் சென்றன. உள்நாட்டு வழித்தடங்களும் அவற்றுக்குரிய ஃபோக்கர் விமானங்களும் மலேசிய விமான நிறுவனத்திற்கு, அதாவது 'மாஸ்' என நாம் அழைத்துவந்த நிறுவனத்திற்கு, கிட்டின. பாகப்பிரிவினையில் ஒருவர்க்கு வயலும் மற்றவர்க்கு வீடும் வந்தது போன்ற நிலை எனலாம்.

இப்பிரிவு பயணியின் தட்டை எவ்வாறு பாதித்தது என்பதை விளங்கிக்கொள்ள, அக்கால விமான உணவின் ஒரு விந்தையான வரலாற்றைத் தொட்டுச்செல்ல வேண்டும். அந்நாளில் அனைத்துலகக் கட்டணங்களை நிறுவனங்கள் 'ஐயாட்டா' எனும் கூட்டமைப்பின் வழிக் கூடிப் பேசி நிர்ணயித்தன. கட்டணம் ஒன்றாயின் போட்டி உணவில் தோன்றும் என்பதால் உணவுக்கும் விதி வகுக்கப்பட்டது. 1958 இல் அட்லாண்டிக் வழித்தடத்தில் சிக்கன வகுப்பு அறிமுகமானபோது, அவ்வகுப்பினருக்கு எளிய சாண்ட்விச் மட்டுமே வழங்கலாம் என்பது உடன்பாடு. ஐரோப்பிய நிறுவனங்கள் சில, ரொட்டியின் மேல் இறைச்சியும் மீனும் அடுக்கி, அதனையும் சாண்ட்விச் என்றே பெயரிட்டு வழங்கின. பான் அமெரிக்கன் நிறுவனம் முறையிட, சாண்ட்விச் என்பது யாது என்று ஒரு பன்னாட்டு அமைப்பு கூடி ஆராய்ந்தது. நகைப்புக்குரிய நிகழ்ச்சிதான், ஆயினும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. நிறுவனங்கள் சட்டப்படி இணையாவிட்டாலும், தமக்குள் கூடிப்பேசும்போது தட்டு சுருங்குகிறது. அக்கூட்டத்தின் விதியை ஒருவர் மீறும்போது தட்டு நிறைகிறது.

பிரிவுக்குப் பின் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அக்கூட்டமைப்பின் விதிகளுக்கு உட்படாது வெளியே நின்றது. சிக்கன வகுப்பிலும் இலவச பானம், இலவசக் காதொலிக் கருவி, விருப்பப்படி தேர்ந்தெடுக்கத்தக்க உணவு ஆகியவற்றை 1970களில் வழங்கியது. மாஸ் தன் பங்கிற்கு மலேசிய விருந்தோம்பலை முன்னிறுத்தியது. அதன் உயர்வகுப்பில் பரிமாறப்பட்ட சத்தே உலகப் புகழ் பெற்றது. பிரியாதிருந்த ஒரு நிறுவனம் இவ்விரண்டையும் செய்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது. ஓரினத்து இரு நிறுவனங்கள், ஒரே வட்டாரப் பயணியைக் கவர வேண்டியிருந்ததால்தான் இவை தோன்றின என்பது நம் துணிபு. கோத்தா திங்கியின் தமிழர், தம் ஊரில் விமான நிலையம் இன்றியே இப்போட்டியின் பயனைப் பெற்றனர்.

ஒன்று சேர்ந்தும் ஒன்றாகாதவை

தமிழகப் பக்கத்து நிறுவனங்களின் வரலாறு இதற்கு மறுதலையானது. டாட்டா நிறுவனம் 1932 இல் தொடங்கிய அஞ்சல் விமானச் சேவை 1946 இல் ஏர் இந்தியா ஆயிற்று. 1953 இல் இந்திய அரசு வானூர்தித் துறையை நாட்டுடைமையாக்கியபோது எட்டு உள்நாட்டு நிறுவனங்களின் சேவைகள் இந்தியன் ஏர்லைன்ஸ் கழகமாக ஒன்றாக்கப்பட்டன. ஜே. ஆர். டி. டாட்டா இவ்வாறு மொத்தமாக இணைப்பதை எதிர்த்தார். எனினும் அயல்நாட்டுச் சேவைக்கெனத் தனியாக விடப்பட்ட ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் தலைமையை ஏற்று 1978 வரை வகித்தார். 1954 இல் அந்நிறுவனம் சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கியது. பயணம் செய்யும்போதெல்லாம் தேநீரின் நிறம், திரைச்சீலை, கழிப்பறைத் தூய்மை முதலியவற்றைக் குறித்துக்கொண்டு அதிகாரிகளுக்குக் குறிப்பு அனுப்புவது அவர் வழக்கம். உலகளாவிய போட்டியை எதிர்கொண்ட அந்நிறுவனம் நற்பெயர் பெற்றது. உள்நாட்டில் போட்டியின்றி இருந்த இந்தியன் ஏர்லைன்சுக்கு அப்பெயர் வாய்க்கவில்லை. ஒரே அரசு, ஒரே ஆண்டில் அமைத்த இரு கழகங்கள் அவை என்பதை மறத்தல் ஆகாது.

2007 ஆகஸ்டில் இவ்விரண்டும் இணைக்கப்பட்டன. ஆனால் இணைப்பு காகிதத்தில் முடிந்த பின்னும், இந்தியன் ஏர்லைன்சின் பழைய விமானக் குறியீடு 2011 பிப்ரவரி வரை நீடித்தது. மூன்றரை ஆண்டுகள் ஒரு நிறுவனத்துள் இரு நிறுவனங்கள் இயங்கின. ஊதியச் சமன்பாடு கோரி 2011 இல் முன்னைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தனர். புதிய ட்ரீம்லைனர் விமானங்களுக்கான பயிற்சியில் யாருக்கு உரிமை என்ற பூசலில் 2012 இல் முன்னைய ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். இச்சூழலில் சேவைத் தரம் பற்றிப் பேசுவதே மிகையாகும். 2017 இல் செலவையும் விரயத்தையும் காரணங்காட்டி உள்நாட்டுச் சிக்கன வகுப்பில் அசைவ உணவு நிறுத்தப்பட்டது.

இணைப்பின்போது தட்டும் இருக்கையும் ஏன் தடுமாறுகின்றன? கணக்கேடுகளை ஒன்றாக்குவது எளிது. சமையற்கட்டையும் முன்பதிவையும் ஒன்றாக்குவது கடினம். ஒரு பயணி முன்பதிவு செய்யும்போது அவர் பெயரோடு அவருடைய இருக்கை எண்ணும் சிறப்புணவுக் குறியீடும் பதிவாகின்றன. 'ஏவிஎம்எல்' என்பது இந்திய முறைச் சைவ உணவு. 'எச்என்எம்எல்' என்பது மாட்டிறைச்சி நீங்கிய இந்து உணவு. சைவ உணவு கேட்ட தமிழ்ப் பயணிக்குத் தட்டில் பச்சைக் காய்கறியும் பழத்துண்டும் மட்டுமே வந்தால், இக்குறியீடுகளுள் ஒன்று மற்றொன்றாகியிருக்கக்கூடும். இரு முன்பதிவு முறைகள் ஒன்றாகும் நாளில் இவ்விவரங்கள் ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்க்கப்படுகின்றன. இரு விமானங்களின் இருக்கை அமைப்பு வேறாயின், 14ஆம் வரிசைச் சன்னலோரம் என்பது புதிய விமானத்தில் நடுவிருக்கையாகவும் மாறக்கூடும்.

வசதிமிக்க நாடுகளிலும் இச்சிக்கல் இல்லாமலில்லை. 2010 இல் யுனைடெட், கான்டினென்டல் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் இணைந்தன. இரண்டிற்கும் பொதுவாக ஒரே காப்பித்தூளைத் தெரிவு செய்தனர். பலமுறை சுவைத்துத் தெரிவு செய்த அந்தக் காப்பியைப் பயணிகள் வெறுத்தனர். இரு நிறுவன விமானங்களிலும் காப்பி வடிக்கும் கருவிகள் ஒன்றுபோல் இல்லாததால் தூள்பையைச் சுற்றித் தண்ணீர் வழிந்தோடியது பின்னரே தெரியவந்தது. கும்பகோணத்துப் பாட்டி ஒருத்தி அக்கருவியை ஒருமுறை பார்த்திருந்தால் குறையைச் சொல்லியிருப்பாள்.

மலேசிய வானில் பங்கீடு

மலேசியாவில் முழு இணைப்பைக் காட்டிலும் வழித்தடப் பங்கீடே மிகுதியாக நடந்தது. 2001 இல் ஒரு வெள்ளிக்கும் கடன்சுமைக்கும் கைமாறிய ஏர் ஆசியா, 2003 இல் செனாயைத் தன் இரண்டாம் தளமாக்கியது. தென் ஜொகூர் மக்களுக்கு அது ஒரு திருப்பம். கட்டணம் குறைந்தது, அதற்கீடாக உணவு விலைக்குரிய பொருளாயிற்று. நாசி லெமாக் வேண்டுமெனில் காசு கொடுக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்தில் பலர் அவமதிப்பாகக் கருதினர். விருந்தினருக்குச் சோறு போட்டுவிட்டு விலை கேட்பது நம் மரபில் இல்லை. நாளடைவில் வீட்டிலிருந்து பொட்டலம் கட்டிச் செல்லும் வழக்கம் மீண்டது. கப்பல் காலத்துப் பழக்கம் அது.

2006 ஆகஸ்டில் அரசு உள்நாட்டு வழித்தடங்களைச் சீரமைத்தது. முதன்மை வழித்தடங்களைத் தவிர்த்த பெரும்பாலானவற்றை மாஸ் ஏர் ஆசியாவிடம் விட்டுக்கொடுத்தது. சபா, சரவாக் உட்புறச் சேவைகள் ஏர் ஆசியாவின் சார்பு நிறுவனமான ஃபிளை ஏசியன் எக்ஸ்பிரசிடம் சென்றன. அங்கு முறையீடுகள் எழுந்தன. ஓராண்டு கழித்து, 2007 அக்டோபரில், மாஸின் துணை நிறுவனமான மாஸ்விங்ஸ் அச்சேவைகளைத் திரும்ப ஏற்றது. ஒரு பங்கீடு பதினான்கு மாதங்களில் திருப்பப்பட்ட அரிய நிகழ்ச்சி இது.

அதைவிடப் பெரிய முயற்சி 2011 ஆகஸ்டில் நடந்தது. ஏர் ஆசியாவை நடத்தியவர்களின் நிறுவனம் மாஸில் 20.5 விழுக்காட்டையும், அரசின் கசானா நிறுவனம் ஏர் ஆசியாவில் 10 விழுக்காட்டையும் மாற்றிக்கொண்டன. இதனை இணைப்பு என எவரும் அழைக்கவில்லை. ஆனால் விளைவு இணைப்பை ஒத்திருந்தது. மாஸின் துணை நிறுவனமான ஃபயர்ஃபிளை, குறைந்த கட்டணத்தில் கிழக்கு மலேசியாவுக்கு அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் போயிங் விமானச் சேவையைத் தொடங்கியிருந்தது. ஆண்டு முடிவதற்குள் அச்சேவை கைவிடப்பட்டது. மாஸ் தொழிற்சங்கங்கள் காட்டிய எதிர்ப்பால் 2012 மே மாதத்தில் பங்கு மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. 2014 இல் மலேசியப் போட்டி ஆணையம், சந்தையைப் பங்கிட்டுக்கொண்டதாகக் கூறி இரு நிறுவனங்களுக்கும் தலா ஒரு கோடி வெள்ளி அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதனை எதிர்த்தன. வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. அது சுட்டிய நான்கு வழித்தடங்களும் கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலு, கூச்சிங், சண்டாக்கான், சிபு செல்பவை. தென் ஜொகூர் அப்பட்டியலில் இல்லை. பாலத்துக்கு அப்பால் வேறொரு நாட்டின் நிறுவனங்கள் காத்திருக்கும் இடத்தில் இவ்வகைப் பங்கீடு அவ்வளவு எளிதில் பலிக்காது என்பதும் நினைக்கத்தக்கது.

உணவைப் பொறுத்தவரை நிறுவன உரிமை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. சமையற்கூடம் யாரிடம் உள்ளது என்பதும் முக்கியம். மாஸ் தன் சமையற்கூடத்தின் பெரும்பங்கை 2003 இல் விற்றது. பிராகிம்ஸ் பெயரில் இயங்கிவந்த அச்சமையற்கூடத்தோடு கொண்ட ஒப்பந்தம் 2023 ஆகஸ்டு இறுதியில் புதுப்பிக்கப்படாது முடிவுற்றபோது, செப்டம்பர் தொடக்கத்தில் மலேசியா ஏர்லைன்ஸ் பயணிகள் பலர் வழக்கமான சூடான உணவுக்கு மாற்றாகச் சிற்றுண்டிப் பெட்டியையே பெற்றனர். சத்தேயால் பெயர் பெற்ற நிறுவனத்திற்கு அவ்வாறு நேர்ந்தது வருந்தத்தக்கது. இணைப்பு ஏதும் நிகழாமலே தட்டு வெறுமையாகக்கூடும் என்பதற்கு இது சான்று.

சென்னைக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று

தென் ஜொகூர்த் தமிழரை நேரடியாகத் தொட்ட இணைப்பு பாலத்திற்கு அப்பால் நிகழ்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தில் ஒருகாலத்தில் நான்கு பெயர்கள் இருந்தன. தாய் நிறுவனம்; அதன் வட்டார நிறுவனமான சில்க்ஏர்; குறைந்த கட்டண நிறுவனங்களான டைகர்ஏர், ஸ்கூட். 2017 ஜூலையில் டைகர்ஏர் ஸ்கூட்டோடு இணைந்தது. 2018 இல் சில்க்ஏர் தாய் நிறுவனத்தோடு இணையும் என அறிவிக்கப்பட்டு, 2021 இல் அப்பெயர் மறைந்தது. நான்கு இரண்டாயிற்று.

சில்க்ஏர் முழுச்சேவை நிறுவனம். அதன் கட்டணத்திலேயே உணவும் பயணப் பெட்டிக்கான எடையும் அடங்கியிருந்தன. இணைப்புக்கு முன்னோடியாக அதன் வழித்தடங்கள் பங்கிடப்பட்டன. உயர்வகுப்புப் பயணிகள் மிகுந்த வழித்தடங்கள் தாய் நிறுவனத்திற்கு ஏறின. அவற்றில் பறந்த புதிய போயிங் 737 விமானங்களில் படுக்கையாக விரியும் உயர்வகுப்பு இருக்கையும், சிக்கன வகுப்பிலும் இருக்கைதோறும் திரையும் வந்தன. கோயம்புத்தூர், திருவனந்தபுரம் போன்றவை 2019 இல் ஸ்கூட்டுக்கு இறங்கின. அங்கு உணவும் பெட்டியும் தனித்தனி விலைக்குரியவை. ஒரே இணைப்பு, ஒரே குழுமம். ஆனால் சென்னை செல்பவர் முழுச்சேவையைப் பெற, கோவை செல்பவர் உணவை விலைக்கு வாங்குபவரானார். திருச்சி செல்பவர்க்கு டைகர்ஏர் காலத்திலிருந்தே இதுதான் நிலை.

இது தற்செயலன்று. மலேசியத் தோட்டத் தமிழரின் மூதாதையர் ஊர்கள் பெரும்பாலும் சேலம், திருச்சி, தஞ்சை, வடார்க்காடு, தென்னார்க்காடு போன்ற மாவட்டங்களில் உள்ளன. தொழில்நிமித்தம் செல்வோர் சென்னைக்கும் பெங்களூருக்கும் பறக்கின்றனர். உறவு நிமித்தம் செல்வோருக்குத் திருச்சியே அண்மை. ஏர் ஆசியா தன் முதல் இந்திய நகரமாக 2008 டிசம்பரில் திருச்சியைத் தேர்ந்ததும் இக்கணக்கை அறிந்தே. இணைப்பு தரத்தைக் கூட்டியதா குறைத்ததா எனப் பொதுவாக வினவுவது இதனால் பொருந்தாது. அது பயணிகளை வகைபிரிக்கிறது. அவ்வாறு பிரிக்கும்போது தோட்டப்புறத்து முதியவர் எப்பக்கம் விழுகிறார் என்பதே வினா. குறைந்த கட்டணம் அவருக்கு அடிக்கடி ஊர் செல்லும் வாய்ப்பைத் தந்தது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் இணையத்தின் வழி முன்கூட்டியே உணவைப் பதிவு செய்யத் தெரிந்தவர்க்கும் தெரியாதவர்க்கும் இடையே புதியதொரு வகுப்புப் பிரிவு தோன்றியுள்ளது. நீரிழிவு உள்ளவர்க்கு நேரத்திற்கு உணவு என்பது உபசாரம் அன்று, தேவை.

இந்தியாவில் அண்மையில் நிகழ்ந்த இணைப்புகளிலும் இதே வகைபிரிப்பைக் காண்கிறோம். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்திடம் வந்தது. ஏர் ஆசியா இந்தியாவாகத் தொடங்கிப் பின் ஏஐஎக்ஸ் கனெக்ட் எனப் பெயர் மாறிய நிறுவனம் 2024 அக்டோபரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரசோடு இணைந்தது. அதற்கான ஆயத்தங்கள் நடந்த 2023 ஆம் ஆண்டிலேயே ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் காலங்காலமாக வழங்கிவந்த இலவசச் சிற்றுண்டி நின்று, உணவு விலைப்பட்டியல் வந்தது. வளைகுடாத் தொழிலாளரும் தென்கிழக்காசியத் தமிழரும் மிகுதியாகப் பயன்படுத்தும் நிறுவனம் அது.

மறுபக்கம், டாட்டாவும் சிங்கப்பூர் ஏர்லைன்சும் 2015 முதல் நடத்திவந்த விஸ்தாரா 2024 நவம்பர் 12 இல் ஏர் இந்தியாவில் இணைந்தது. இணைந்த நிறுவனத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்சின் பங்கு 25.1 விழுக்காடு. 2007 இன் கசப்பை மனத்திற்கொண்டோ என்னவோ, இம்முறை விஸ்தாராவின் விமானங்களுக்கு '2' எனத் தொடங்கும் தனி எண்வரிசை தந்து, அதே பணியாளரோடும் உணவோடும் அவற்றைப் பறக்கவிட்டனர். இன்னொரு செய்தி மேலும் கருதத்தக்கது. விஸ்தாராவின் ஏ320 நியோ விமானத்தில் உயர்வகுப்பில் 8, இடைநிலை வகுப்பில் 24, சிக்கன வகுப்பில் 132 என 164 இருக்கைகள் இருந்தன. ஏர் இந்தியா தன் பழைய ஏ320 நியோ விமானங்களைப் புதுப்பித்தபோது இதே அமைப்பைக் கைக்கொண்டது. விழுங்கிய நிறுவனம், விழுங்கப்பட்டதன் உள்ளமைப்பை ஏற்றது. அதே விமானவகையில் குறைந்த கட்டண நிறுவனங்கள் 180 இருக்கைகளைப் பொருத்துகின்றன. பதினாறு இருக்கைகளின் வேறுபாட்டை முழங்கால்கள் உணரும்.

1972 இல் பிரிந்த இரு நிறுவனங்களும் இப்போது ஒன்றையொன்று மீண்டும் அணுகியுள்ளன. சிங்கப்பூர் ஏர்லைன்சும் மலேசியா ஏர்லைன்சும் 2019 இல் கூட்டு வணிக உடன்பாட்டிற்கு முன்வந்தன. கட்டணத்தையும் பயண அட்டவணையையும் ஒருங்கிணைத்து, வருவாயைப் பகிர்ந்துகொள்வது அதன் சாரம். தத்தம் பெயரும் பணியாளரும் தனித்தே இருப்பர். சிங்கப்பூரின் போட்டி ஆணையம் 2025 ஜூலையில் நிபந்தனைகளோடு ஒப்புதல் அளித்தது. அடுத்த மாதமே மலேசியாவின் வான் போக்குவரத்து ஆணையம், பயணிகள் உரிமை உள்ளிட்ட தன் பணிகளோடு, மலேசியப் பொது வான் போக்குவரத்து ஆணையத்தில் இணைக்கப்பட்டது. கண்காணிப்போரும் இணையும் காலம் போலும்.

சிங்கப்பூர் விதித்த நிபந்தனைகளின் மையக் கூறு, சிங்கப்பூர்–கோலாலம்பூர் வழித்தடத்தில் இரு நிறுவனங்களும் வழங்கும் இருக்கைகளின் எண்ணிக்கை குறையாதிருத்தல். அது நியாயமான நிபந்தனையே. கோத்தா திங்கியிலிருந்து செனாய்க்கோ சாங்கிக்கோ புறப்படும் பயணிக்கு அரை நூற்றாண்டாக இருந்துவந்த தெரிவு, அவ்விரு நிறுவனங்களும் வெவ்வேறு கணக்கில் இயங்கியதால் கிடைத்தது. இருக்கைகளை எண்ணிவிடலாம், இரு இருக்கைகளுக்கு இடைப்பட்ட அங்குலங்களையும் தட்டில் வைக்கப்படும் சோற்றையும் எண்ணுவதற்கு எந்த ஆணையத்திடமும் இன்னும் படிவம் இல்லை.